நிறமும் மேடுபள்ளமும் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்பதும், வெளியே புடவை எடுக்கிறவர்களும் நெல் போடுகிறவர்களும் கோயிலுக்குச் சிற்பம் பார்க்கப் போகிறவர்களும் கேட்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வெளிச்சத்துக்குள் என்னென்ன நிறம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருளின் நிறம் தெரிகிறது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் மேடுபள்ளம் தெரிகிறது. இந்த இரண்டும் மனதில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கத்தரிக்காய் ஊதான்னா, அந்த ஊதா காயில இருக்கா, வெளிச்சத்துல இருக்கா?

காய், வெளிச்சம், கண் மூன்றுக்குமே அதில் பங்கு உண்டு. வெயிலில் எல்லா நிற ஒளியும் கலந்திருக்கிறது. 1666 வாக்கில் நியூட்டன் முப்பட்டகக் கண்ணாடியை வைத்து அதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளி. ஒரு நானோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 400 பக்கம் ஊதா, நீலம், நடுவில் பச்சை, 700 பக்கம் சிவப்பு.

கத்தரிக்காய்த் தோலில் உள்ள சாயம் நடுவில் இருக்கும் பச்சை, மஞ்சள் ஒளியை விழுங்கிவிடுகிறது. இரண்டு ஓரத்திலும் உள்ள நீலத்திலும் சிவப்பிலும் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. அது கண்ணில் பட்டு மூளைக்குப் போகும்போதுதான் ஊதா. எந்த ஒளியை விழுங்கும், எதைத் திருப்பும் என்ற குணம் மட்டுமே காய்க்குச் சொந்தம். திருப்பி அனுப்ப வேண்டிய ஒளி வெளிச்சத்திலேயே இல்லையென்றால் காயால் ஒன்றும் செய்ய முடியாது.

கரண்ட் போனா ஆளு தெரியுது, கட்டில் தெரியுது, ஆனா கலர் மட்டும் ஏன் தெரியல?

கண்ணின் விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் இரண்டு வகை. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். நிறம் பார்ப்பது கூம்பு செல்களின் வேலை, ஆனால் அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். குச்சி செல்கள் மிகக் குறைந்த வெளிச்சத்திலும் வேலை செய்யும். அவற்றில் ஒரே வகைதான் உண்டு என்பதால் இருட்டு, வெளிச்சம் என்ற வித்தியாசத்தை மட்டும் சொல்லும். அதனால்தான் எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

இதை ஒரு செம்பருத்திச் செடியிடம் பார்க்கலாம். பகலில் பூ பளிச்சென்று இருக்கும், இலை அடங்கியிருக்கும். பொழுது சாயச் சாயப் பூ கறுத்துப்போய் இலை வெளிறித் தெரியும். குச்சி செல்களுக்குச் சிவப்பு ஒளி கிட்டத்தட்டத் தெரியாது. 500 நானோமீட்டர் பக்கம் உள்ள நீலப்பச்சை நன்றாகத் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் இந்த மாற்றத்தைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

கூம்பு செல் மூணே வகைதானாமே. அப்புறம் எப்படி இத்தனை கலர்?

மூன்று வகையும் முறையே 420, 530, 560 நானோமீட்டர் பக்கத்தில் அதிகமாகத் தூண்டப்படுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்து அலைநீளங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பதில் சொல்லும். மூளை பார்ப்பது மூன்றுக்கும் இடையிலான விகிதத்தை. அந்த விகிதங்கள் லட்சக்கணக்கில் மாறலாம், அதனால் நிறங்களும் அத்தனை.

இதில் ஒரு விளைவு உண்டு. வேறு வேறு ஒளிக்கலவைகள் ஒரே விகிதத்தை உண்டாக்கினால் கண்ணுக்கு அவை ஒரே நிறம். போன் திரையில் மஞ்சளைக் காட்டி அதன் மேல் ஒரு சின்னத் துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி பூதக்கண்ணாடியாகி, அங்கே மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இல்லை, சிவப்பும் பச்சையும்தான் என்று காட்டிவிடும். அடுத்த கேள்விக்கு இதுதான் அடிப்படை.

கடையில அரக்கா இருந்த புடவை வீட்டுக்கு வந்தா பழுப்பா இருக்கு. மாத்திக் கொடுத்துட்டாங்களா சார்?

திருபுவனம், கும்பகோணம் பக்கம் கல்யாணப் பட்டு எடுத்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டிருப்பார்கள். புடவை மாறவில்லை, விளக்கு மாறியிருக்கிறது. இப்போது கடைகளில் இருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குக்குள் உண்மையில் நீல ஒளி தரும் சில்லு ஒன்று இருக்கிறது, 450 நானோமீட்டர் பக்கம். அதன் மேல் பூசிய மஞ்சள் நிறப் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சள் ஒளியாக விடுகிறது. இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளை. வெயிலும் வெள்ளை, இதுவும் வெள்ளை. ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு. குறிப்பாக 650 நானோமீட்டருக்கு மேலே உள்ள ஆழ்ந்த சிவப்பு மலிவான விளக்குகளில் மிகக் குறைவு. அரக்கு, குங்குமச் சிவப்பு, தக்காளிச் சிவப்பு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. கடையில் நல்ல விளக்கும் வீட்டில் மலிவான விளக்கும் இருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருக்கும். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது; நூறு என்றால் முழு மதிப்பெண். 80 என்பது வீட்டுக்குப் போதும். துணிக்கு 90க்கு மேல் வேண்டும். அந்த எண்ணிலும் ஒரு ஓட்டை உண்டு. அது வெளிர் நிறங்கள் எட்டின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது. அதற்குத் தனியாக ஆர்-9 என்று ஓர் எண் இருக்கிறது. பட்டு விற்கிற ஊரில் கடைக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டிய எண் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மேட்சிங் ரவிக்கைத் துணி கடையில அச்சு அசலா ஒத்துப்போச்சு. மண்டபத்துல தனியா அடிச்சுக் காட்டுதே?

பட்டுக்குப் போடும் சாயம் வேறு, பாலியஸ்டருக்குப் போடும் சாயம் வேறு. இரண்டும் ஒரே ஒளியை விழுங்குவதில்லை. ஆனாலும் கடை விளக்கின் கீழ் அவை திருப்பும் ஒளி கூம்பு செல்களில் ஒரே விகிதத்தை உண்டாக்கியது. கண் ஒரே நிறம் என்று சொல்லிவிட்டது. மண்டப விளக்கில் அந்த விகிதம் பிரிந்துவிட்டது. போன் திரை மஞ்சள் மாதிரிதான் இதுவும்.

புடவையோடு வரும் ரவிக்கைத் துணியில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, ஒரே நூல், ஒரே சாயம் என்பதால். தனியாக வாங்கினால் குறைந்தது இரண்டு வேறு வெளிச்சத்தில், அதில் ஒன்று பகல் வெளிச்சமாக, பொருத்திப் பாருங்கள்.

அப்போ புடவையை வெயில்ல கொண்டுபோய்ப் பார்க்கணுமா?

நேர் வெயிலில் வேண்டாம். வாசலுக்கு வந்து, வெயில் படாத நிழலில், வானம் தெரியும்படி நின்று பாருங்கள். உச்சி வெயிலில் துணியின் பளபளப்பு நிறத்தை மூடிவிடும். காலையிலும் மாலையிலும் வெயிலே மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். வெளிச்சத்தின் சாயலைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். நடுப்பகல் வெயிலை 5,500 கெல்வின் என்று கணக்கிடுவார்கள். எண்ணெய் விளக்கு 1,900 பக்கம்தான் வரும். எண் குறையக் குறைய வெளிச்சம் செம்மை கூடியதாக இருக்கும். கல்யாணம் ராத்திரி என்றால் மண்டபத்தில் என்ன விளக்கு என்று விசாரித்துக்கொள்வதும் நல்லதுதான்.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை வெச்சுப் பார்க்கும்போது ஏன் நிழல்ல வெச்சுப் பார்க்கச் சொல்றாங்க?

போன பதிலில் சொன்ன அதே காரணம்தான். தெரியாதவர்களுக்காக: இது பச்சையின் பல அடர்த்திகளை எண் போட்ட பட்டைகளாகக் காட்டும் பிளாஸ்டிக் அட்டை. நட்டு 14 நாள் ஆன பிறகு வாரம் ஒரு முறை பத்து இலைகளை அதோடு ஒப்பிட்டு, தழைச்சத்து போட வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலைகளாவது அதற்குக் கீழே வெளிறியிருந்தால் யூரியா போடலாம். காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடம்பின் நிழல் இலை மேல் விழும்படி நின்று, ஒவ்வொரு வாரமும் ஒரே ஆளே பார்க்க வேண்டும்.

இலையின் மேல்தோலில் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. நேர் வெயில் அதில் பட்டுத் தெறிக்கும்போது அந்தத் தெறிப்பு வெயிலின் வெள்ளை நிறத்தில்தான் இருக்கும், இலையின் பச்சையில் இருக்காது. பச்சையோடு வெள்ளை கலந்து இலை உள்ளதைவிட வெளிறித் தெரியும். அட்டையின் பிளாஸ்டிக்கோ வேறு விதமாகத் தெறிக்கும். ஒப்பீடே கெட்டு, தேவையில்லாத ஒரு மூட்டை யூரியா வயலுக்குப் போய்விடும். நிழலில் அந்தத் தெறிப்பு அடங்கி, இலைக்கு உள்ளே போய் வந்த ஒளி மட்டும் தெரியும்.

சரி, நிறம் புரிஞ்சுது. சொரசொரப்பு எப்படித் தொடாமலே தெரியுது?

நிழல்களால். எந்தப் பரப்பிலும் வெளிச்சத்தைப் பார்த்த பக்கம் பளிச்சென்றும் அதற்கு எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருக்கும். மேடு சின்னதானாலும் அதன் பின்னால் ஒரு சின்ன நிழல் விழும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக வந்தால் நிழல் நீளும். அரை மில்லிமீட்டர் மேடுகூடத் தெரியும். வெளிச்சம் பார்க்கிறவரின் முகத்துப் பக்கமிருந்து நேராகப் போனால் நிழல் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பரப்பு தட்டையாகிவிடும்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: நடுப்பகலில் போகாதீர்கள். இரண்டாம் ராஜராஜன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. தூண்களில் உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு நாடகக் காட்சியே செதுக்கியிருக்கிறார்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. உச்சி வெயிலில் வெளிச்சம் மேலிருந்து கொட்டித் தரையில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறும். மண்டபத்துக்குள் எங்கும் ஒரே சாம்பல். காலை எட்டு மணி வாக்கில், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு, சாய்ந்த வெளிச்சம் தூணைத் தடவிக்கொண்டு போகும்போது விரல் நகமும் சலங்கையும் எழுந்து நிற்கும். சிற்பத்துக்கு நேர் எதிரே பெரிய விளக்கைப் போட்டுக் குளிப்பாட்டுவதும் அதே கெடுதலைத்தான் செய்கிறது. விளக்கு போட்டே ஆக வேண்டுமென்றால் பக்கவாட்டில் போடட்டும்.

கல்வெட்டுப் படிக்கிறவங்க ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போறாங்களே, பகல்ல படிக்கக் கூடாதா?

படிக்கலாம். ஆனால் தேய்ந்துபோன எழுத்தின் மேல் வெயில் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான் சரியான சாய்வில் விழும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் அந்தச் சாய்வு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், எந்தப் பக்கமிருந்தும் கிடைக்கும். கிடைக்கோடுகள் தெரிய மேலிருந்தும், செங்குத்துக் கோடுகள் தெரியப் பக்கத்திலிருந்தும் அடிக்க வேண்டும். வெளிச்சம் ஓடும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது என்பதுதான் காரணம்.

எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள். அந்த வேலையை டார்ச் கல்லைத் தொடாமலே செய்துவிடும்.

நான் எடுத்த கல்வெட்டுப் போட்டோவுல எழுத்து உள்ள வெட்டின மாதிரி இல்ல, வெளியே புடைச்சு நிக்குது. ஏன்?

போட்டோவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், எழுத்து உள்ளே போய்விடும். கண் ஒரு விஷயத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது: வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று. சூரியன் தலைக்கு மேலே இருக்கிற உலகத்தில் அது நியாயமான ஊகம். மேல்விளிம்பு பளிச்சென்றும் கீழ்விளிம்பு இருட்டாகவும் இருந்தால் மேடு, மறுபுறமானால் பள்ளம். டார்ச்சைக் கீழே பிடித்து எடுத்த படம் என்றால் இந்த ஊகம் கவிழ்ந்துவிடும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் வெறும் நிழல் தீட்டிய வட்டங்களை வைத்தே இதைத் தெளிவாகக் காட்டினார்.

நேரில் பார்க்கும்போது டார்ச் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். தலையை அசைத்தும் பார்த்துக்கொள்கிறோம். படத்தில் அந்த வசதி கிடையாது. கல்வெட்டைப் படமெடுத்தால் வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை விளக்கும் மஞ்சள் பிளாஸ்டிக்கும் ஒரே மஞ்சள்தானே? பார்த்ததும் வித்தியாசம் தெரியுதே, எப்படி?

பளபளக்கும் இடத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் குடத்தில் ஜன்னல் வெளிச்சம் தெறிக்கும் புள்ளி வெள்ளையாக இருக்கும், நெல் இலையில் சொன்னது போல. ஒளியில் சுமார் நூற்றில் நான்கு பங்கு மேற்பரப்பிலேயே நிறம் மாறாமல் திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே போய்ச் சாயத்தில் பட்டு மஞ்சளாக வெளியே வருகிறது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கில் அந்தப் புள்ளியே மஞ்சள். உலோகத்தில் ஒளி உள்ளே போவதில்லை, பரப்பிலேயே திரும்புகிறது. பித்தளை நீலத்தில் ஒரு பகுதியை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. பளபளப்பின் நிறத்தை வைத்துத்தான் கண் உலோகத்தை அடையாளம் காண்கிறது.

தஞ்சாவூர் ஓவியத்துல தங்கம் சில நேரம் கறுப்பா தெரியுதே, போலியா?

தங்கத் தகடு கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. எதிரே இருப்பதைக் காட்டும். எதிர்ச் சுவர் இருட்டாக இருந்தால் அந்த இருட்டைத்தான் காட்டும். இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது.

இந்த ஓவியத்தில் பசையைக் குழைத்து மேடாக்கி, அதன் மேல் தகட்டை ஒட்டுகிறார்கள். ஆரத்தின் ஒவ்வொரு மணியும் வேறு வேறு திசையைப் பார்த்திருக்கும். அசையும் எண்ணெய் விளக்கின் முன்னால் ஒன்று மாற்றி ஒன்று மின்னும். பூஜை அறையில் ஒற்றைச் சுடருக்கு முன்னால் வைக்கும் படத்துக்கு அது எவ்வளவு பொருத்தமான வேலை என்று பாருங்கள். அதன் மேலே நேராக ட்யூப்லைட்டைப் போட்டால் அந்த மேடு அத்தனையும் வீண்.

மயில் கழுத்துப் புடவையும் மயிலும் ஒரே காரணத்தாலதான் கலர் மாறுதா?

இல்லை. புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். பாவு நூல் ஒரு திசையிலும் ஊடை நூல் அதற்குக் குறுக்காகவும் பளபளக்கும். மடிப்பு அசையும்போது ஒருமுறை நீலம் மேலே வரும், ஒருமுறை பச்சை. இரண்டும் சாயம்தான்.

மயிலிறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய இழைகளில் மெலனின் என்ற கருநிறப் பொருளாலான குச்சிகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய இடைவெளியில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளிக்கு ஏற்ற நிறம் மட்டும் வலுத்துத் திரும்புகிறது. இழையைப் பொடியாக இடித்துவிட்டால் அடுக்கு குலைந்து பழுப்புத் தூள்தான் மிஞ்சும்.

தண்ணி பாய்ச்சினதும் மண்ணு ஏன் கறுக்குது? ஆத்துப் புதுவெள்ளம் ஏன் செம்மண் நிறம்?

காய்ந்த மண்ணில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று. துகளுக்கும் காற்றுக்கும் இடையே ஒளி பலமாகச் சிதறி வெளியே வந்துவிடும். ஈரத்தில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. சிதறல் குறைந்து ஒளி ஆழமாகப் போய் விழுங்கப்படுகிறது, கறுப்பாகத் தெரிகிறது. நனைந்த வேட்டி, நனைந்த கருங்கல் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

ஆற்றில் கதை வேறு. காவிரியில் புதுத் தண்ணீர் வரும்போது வண்டல் மிதந்து வருகிறது. அதிலுள்ள இரும்புத் துரு நீலத்தை விழுங்கிவிடுகிறது. தண்ணீருக்கே ஒரு மெல்லிய நிறம் உண்டு, ஆழம் இருந்தால்தான் தெரியும். கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று சொல்லிவந்தபோது, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று 1921இல் எழுதியவர் சி. வி. ராமன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவர். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்குவதற்கும் அந்த நீலத்தில் பெரிய பங்கு இருக்கிறது.

வாட்ஸ்அப்ல பார்த்த கலர் நேர்ல இல்லையே, ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் இல்லை. வெளிச்சத்தின் சாயலைக் கழித்து வெள்ளையை வெள்ளையாகக் காட்ட போன் தானாகவே முயல்கிறது. படம் முழுக்க மஞ்சள் புடவையே நிறைந்திருந்தால், விளக்குதான் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் நீலத்தைச் சேர்த்துவிடும். படத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் புடவையின் நிறத்தையும் நம்ப வேண்டாம்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. எல்லாம் நீலமா இருக்குங்கறாங்க. பயப்படணுமா?

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கிறது. மெதுவாக நடப்பதால் மூளை அதற்குப் பழகிவிடும். புதிய தெளிந்த லென்ஸ் வைத்ததும் இத்தனை வருஷம் வராத நீலம் உள்ளே வருகிறது. நாளாக ஆக மூளை மறுபடியும் சரிசெய்துகொள்ளும். வலி, சிவப்பு, பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

எனக்குத் தெரியற சிவப்புதான் உங்களுக்கும் தெரியுதுன்னு எப்படிச் சொல்றீங்க?

உள்ளே என்ன உணர்கிறோம் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லை. இரண்டு நிறம் ஒன்றா வேறா என்று கேட்டுச் சோதிக்கலாம். அதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறோம். ஒத்துப்போகாதவர்களும் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே 530, 560 பக்கத்துக் கூம்பு செல்களில் ஒரு வகை இருக்காது அல்லது மாறியிருக்கும். பச்சை மிளகாய்க்கும் பழுத்த மிளகாய்க்கும் வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்பிள்ளைகளிடம்தான் அதிகம்.

அப்படிப்பட்ட பையன்களைக் கவனமில்லாதவன் என்று வகுப்பில் திட்டுவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். வரைபடத்தில் பச்சையும் சிவப்பும் வேண்டிய இடத்தில் நீலமும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தால் அவன் எல்லாரையும் போலப் படித்துவிடுவான். சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரிடம் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.